தீயின் வேகத்தைக் குறைக்கும் களிமண்

பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பாலிஎத்திலீன், எடைக்கு எடை பெட்ரோல் அளவுக்கே வெப்பம் தரும். அதை எரியாத பொருளாக்க நினைப்பது பேராசை. அறைக்குள் தீப்பிடித்தால் ஆளைத் தப்பவிடாமல் செய்வது பெரும்பாலும் தீயின் வேகம்தான். நொடிக்கு எவ்வளவு வெப்பம் வெளிப்படுகிறது என்பதே கணக்கு. தீயைத் தணிக்கப் பிளாஸ்டிக்கில் கலக்கும் நானோ களிமண்ணை அந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கட்டடத்துக்குப் பைல் போடும்போது குழி சரியாமலிருக்க ஊற்றும் பென்டோனைட் குழம்பில் இருக்கும் மான்ட்மோரிலோனைட்தான் இந்தக் களிமண். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அதில் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைப் பிரித்துப் பிளாஸ்டிக் முழுக்கப் பரப்புவதில்தான் வித்தை இருக்கிறது. கட்டியாகக் கிடந்தால் அது வெறும் மண் கலந்த பிளாஸ்டிக். ஜப்பானின் டொயோட்டா ஆய்வகம் 1980களில் நைலானில் இதைச் சாதித்தது, வலுவுக்காக. 1990களில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் ஜெஃப்ரி கில்மன் குழு அதையே தீயில் சோதித்தது. 10 செ.மீ. சதுரத் துண்டைக் கூம்பு வடிவ ஹீட்டருக்கு அடியில் வைத்து எரித்தபோது, 5 சதவீதக் களிமண் சேர்ந்த நைலான்-6இல் வெப்பம் வெளிப்படும் உச்ச வேகம் 63 சதவீதம் குறைந்தது. மேற்பரப்பில் பிளாஸ்டிக் எரிந்துபோக, மிஞ்சும் தகடுகள் கரியோடு சேர்ந்து பாலாடை போலப் படிகின்றன. அந்த ஏடு வெப்பம் கீழே இறங்குவதையும் எரிவாயு மேலே வருவதையும் தாமதப்படுத்துகிறது.

மொத்த வெப்பம் குறையவில்லையே என்பார்கள். உண்மைதான், நிதானமாக எரிந்தாலும் கடைசியில் பெரும்பாலும் எல்லாமே எரிகிறது. சிறு சுடரைக் காட்டி, தானாக அணைகிறதா என்று பார்க்கும் சோதனையில் களிமண் மட்டும் சேர்த்த பிளாஸ்டிக் பெரும்பாலும் தேறுவதில்லை. களிமண்ணைப் பிரிக்கச் சேர்க்கும் அம்மோனிய உப்பு சூட்டில் சிதைவதால், சில சமயம் தீ சற்று முன்னதாகவே பற்றுகிறது. நானோ துகள் நுரையீரலுக்கு ஆகாது என்ற அச்சமும் நியாயமே. ஆனால் அது முக்கியமாகத் தூளைக் கையாளும் தொழிற்சாலையின் பிரச்சினை. பிளாஸ்டிக்கில் புதைந்த தகடு எளிதில் காற்றில் பறக்காது. சில புரோமின் தீத்தடுப்பிகளோ பொருளிலிருந்து கசிந்து உயிர்களின் உடலில் சேர்வதால், 2009 முதல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் ஏறின.

ஆகவே தனியாக நிறுத்தி, களிமண் தோற்றுவிட்டது என்று தீர்ப்பெழுதுவது அவசரம். கேபிள் உறைகளில் அதற்குத் துணை அலுமினியம் ஹைட்ராக்சைடு. சூடேறினால் இது நீராவியை விட்டு வெப்பத்தை உறிஞ்சும். ஆனால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் திணிக்க வேண்டியிருப்பதால் உறை விறைத்துப்போகும். பெல்ஜியத்தின் கேபிள் ஆய்வாளர் குந்தர் பேயர், 5 சதவீத நானோ களிமண் சேர்த்தால் 65 சதவீத ஹைட்ராக்சைடை 45 ஆகக் குறைத்தும் அதே உச்ச வெப்ப அளவுக்குள் நிற்கலாம் எனக் காட்டினார். மிச்சமாகும் இடத்தைப் பிளாஸ்டிக்கே எடுத்துக்கொள்வதால் கேபிள் வளைந்து கொடுக்கிறது.