பெயரைச் சொல்லும் குடுமி

மெக்சிகோவின் வெஷோத்சிங்கோ வட்டாரத்தில் 1560இல் ஸ்பானிய ஆட்சி வரிக்காகக் குடிக்கணக்கு எடுத்தது. குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தலையை வரைந்து, அதை ஒட்டி அவர் பெயரைக் காட்டும் சிறு படத்தையும் போட்டார்கள் உள்ளூர் ஓவிய எழுத்தர்கள். பக்கத்திலேயே ரோமன் எழுத்திலும் பெயர் உண்டு. பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அந்த ஏட்டில் இப்படி ஆயிரக்கணக்கான பெயர்கள். ஞானஸ்நானத்தில் பேத்ரோ, ஹுவான் என்று ஆனவர்களுக்கும் படம் பெரும்பாலும் பழைய நாவாட் பெயரையே சொல்கிறது. கழுகு, பூ, பாம்பு என்று போகிற அந்தப் படங்களுக்கு நடுவே, சிலவற்றில் இருப்பது வெறும் சிகையலங்காரம்.

முடியை வைத்து ஓர் ஆளுக்கு எப்படிப் பெயர் வரும்? நாவாட் மொழி பேசிய நாவா மக்களிடையே தலையைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பையனுக்குப் பத்து வயதானால் பின்தலையில் ஒரு குடுமியை மட்டும் வளரவிடுவார்கள். அதற்குப் பெயர் குவெஷ்பல்லி. போரில் எதிரியை உயிரோடு பிடித்தால்தான் அதை எடுக்கலாம். நாலைந்து பேராகச் சேர்ந்து பிடித்தாலும் குடுமி போகும், ஆனால் மதிப்பு குறைவு. வயது ஏறியும் குடுமியோடு திரிகிறவனைப் பெண்கள் முகத்துக்கு நேரே ஏசினார்கள். சஹாகுன் என்ற பாதிரியார் நாவா அறிஞர்களோடு சேர்ந்து 1577 வாக்கில் முடித்த பெருநூலில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

கைதிகளைப் பிடித்துப் பேரெடுத்த வீரனின் சிகை தெமிலோத்ல். உச்சிமுடியை இழுத்துச் சேர்த்து, கல்தூண்போல நிமிர்த்திக் கட்டுவது. தெமிலோ என்ற பெயருக்கு எழுத்தர் வரைவது அந்தத் தூணைத்தான். 1521இல் ஸ்பானியரிடமிருந்து ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானைக் காக்கப் போரிட்ட தளபதி தெமிலோத்சினின் பெயரும் இதுவே. ‘த்சின்’ மரியாதை விகுதி.

பெண்களின் முடியும் எழுத்தாகப் பயன்பட்டது. நெற்றிக்கு மேல் இரு கொம்புகள்போல முடிந்த கூந்தலோடு ஒரு தலையை வரைந்தால் அது ‘பெண்’. இன்னொரு பழைய ஓவிய ஏடான மெந்தோசா ஏட்டில் சிவாத்லான் என்ற ஊர்ப்பெயரை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் படங்கள் வெறும் அடையாளமாகப் படவில்லை, சாட்சியமாகவே படுகின்றன. 1560இல் கைதி பிடிக்கும் போர்கள் இல்லை. அந்தக் குடுமிகளுக்கு இருந்த தகுதியும் போய்விட்டது. ஆனால் 1521இல் இருபது வயதாக இருந்தவருக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை. தெமிலோத்ல் எப்படி நின்றது என்று நேரில் பார்த்தவர்கள் அந்த ஊர்களில் இன்னும் இருந்தார்கள்.