கடல் விழுங்கிய சென்னைக் காசு

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலணா ஒன்றை என்னிடம் கொண்டு வந்தான். பாட்டியின் சுருக்குப் பையில் இருந்ததாம். புளியிட்டுத் துலக்கியதில் புதுக் குத்துவிளக்குப் போல் மின்னியது. "பழங்காசுக்கு நல்ல விலை கிடைக்குமாமே, ஐயா?" என்று வினவினான். அவனுக்குச் சொன்ன விடையை ஸ்கூடாய் வாழ் பெற்றோரும் மாணவரும் அறியுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

1809ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கிழக்கிந்தியக் கும்பெனிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்டது. அந்நாட்டுக் கரையைத் தாண்டுமுன்னரே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதனுள் ஏறத்தாழ 48 டன் செப்புக் காசுகள் இருந்தன. சென்னை மாகாணத்தில், நம் முன்னோர் கைகளில் புழங்குவதற்கென்றே பர்மிங்காம் நகரின் சோஹோ நாணயச்சாலையில் அச்சிடப்பட்டவை அவை. ஒரு புறம் சிங்கங்கள் தாங்கும் கும்பெனிச் சின்னமும் 1808 என்னும் ஆண்டும். மறுபுறம் பாரசீக எழுத்தும், இருபது அல்லது பத்து 'கேஷ்' என்னும் மதிப்பும் காணலாம். இந்தக் 'கேஷ்' வேறொன்றுமன்று. போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்திற்குச் சென்ற நம் 'காசு'தான்! 1980களில் முக்குளிப்போர் இவற்றை இலட்சக்கணக்கில் மீட்டனர்.

காசுகளைத் தரம் பிரிக்க, 1949இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் ஓர் அளவுகோல் வகுத்தார். 1 என்றால் இன்ன காசு என்று மட்டும் அறியுமளவு தேய்ந்தது, 60 முதல் புழக்கத்திற்கே வராதது, 70 குறையற்றது.

கடற்காசிலோ ஒரு சிக்கல். அது எக்கையிலும் புழங்காததால் தேய்மானமில்லை. ஆயினும் உப்புநீர் செம்பை அரிக்கும். வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பொன்னை மட்டும் விட்டுவிடும். குவியலின் நடுவிலிருந்த காசு தப்பும், வெளிப்புறத்தது கெடும். எனவே, நன்கு தப்பியதற்கு எண் வழங்குவர். அரிப்புற்றதற்கு எண் தராமல், 'கப்பற்சேத விளைவு' என்று சீட்டில் வெளிப்படையாகவே பொறித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழையில் இட்டு மூடுகிறது என்.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனம். இன்ன கப்பலில் எடுத்தது என்பதற்குச் சான்றிருந்தால் அதன் பெயரும் சீட்டில் ஏறும். அப்பெயர் விலையை உயர்த்தும் என்பதாலேயே புரட்டும் உண்டு. சான்றின்றி, வெறும் வாய்ச்சொல்லை நம்பி எவரும் பணம் கொடுத்தல் வேண்டா. மேலும், கடற்காசு எல்லாம் பெருவிலை பெறும் என்பதுமில்லை. அட்மிரல் கார்ட்னர் காசுகள் ஏராளமாகக் கிடைத்தமையால் இன்றும் மலிவே.

கடல் செய்த கேட்டைச் சேகரிப்போர் பொறுப்பர். மனிதர் துலக்கியதைப் பொறார். புளியின் அமிலம், காசின்மேல் பல்லாண்டாகப் படிந்த இயற்கை நிறத்தைக் கரைத்துவிடும். அத்தகைய காசின் சீட்டில் 'துலக்கப்பட்டது' என்றே எழுதுவர், எண் கிடைக்காது.

இதைக் கேட்டதும் பையன் முகம் வாடிப்போயிற்று. பாட்டியிடம் விசாரித்து, அக்காலணாவிற்கு நீயே ஒரு சீட்டு எழுதி வா என்று அனுப்பினேன். மறுநாள் கொண்டு வந்தான்: "காலணா. பாட்டியின் அப்பா கொண்டு வந்தது. ஊர் நாகப்பட்டினம். கப்பல் ரஜூலா. நான் புளி போட்டுத் துலக்கிவிட்டேன்."