சிம் தட்டு இல்லாத கைப்பேசி

சேலம்–ஜோலார்பேட்டை ரயில் மார்க்கத்திலுள்ள நம் சாமல்பட்டி எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் திம்ஜேபள்ளியில்தான் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான மேற்கூட்டைத் தயாரிக்கிறது. நம் ஜில்லாவில் உருவான கூட்டைத் தாங்கிய கைப்பேசி கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்கே உத்தியோகம் பார்க்கும் மருமகனின் பெட்டியில் மாமனாருக்கு வெகுமதியாகத் திரும்பி வரும்போது, அதில் சிம் போட இடமே இல்லாமலிருப்பது ஒரு விந்தைதான்.

2022-இல் வெளிவந்த ஐபோன் 14 முதற்கொண்டு, அமெரிக்காவில் விற்கப்படும் வகைக்குச் சிம் தட்டு கிடையாது. கழற்ற முடியாதபடி உள்ளேயே பதித்த ஈசிம் ஒன்றே கதி. 2025-இல் ஐபோன் 17 வந்தபோது இவ்வழக்கம் கனடா, ஜப்பான், சவுதி அரேபியா, கத்தார், குவைத், அமீரகம் முதலிய தேசங்களுக்கும் பரவிவிட்டபடியால், ‘துபாய் செட்’ என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. ‘இந்தியன் பீஸ்’ பெரும்பாலும் ஒரு சிம்மும் ஈசிம்மும் ஏற்கும். சீனாவில் விற்பதிலோ பெரும்பாலும் இரண்டு சிம்களுக்கு இடமுண்டு. ஜப்பான் செட்டில் படம் எடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாமற்போகலாம் என்பது வேறொரு விசேஷம். கல்யாண வீட்டில் அது தொந்தரவாகாது, துக்க வீட்டில் ஆகும்.

ஈசிம்மை நம் நாட்டு நிறுவனங்களும் தருகின்றனவே, பிறகென்ன சிரமம் என்று கேட்கலாம். திரை உடைந்தாலோ சார்ஜ் இறங்கினாலோ சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிற சௌகரியம் கிராமத்து வாழ்க்கையில் சாமானியமானதன்று. ஈசிம்காரருக்கு அது இல்லை. விலை குறைவென்று சொல்லி அமெரிக்கச் செட்டைத் தலையில் கட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சங்கடம் வேறு விதம். ஜியோ தன் 5ஜி சேவைக்கு 700, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை உபயோகிக்கிறது. இவற்றுள் 700 வெகுதூரம் பரவிச் சுவரையும் ஊடுருவுமாகையால், கோபுரத்துக்குத் தொலைவிலுள்ள வீடுகளுக்கு அதுவே அனுகூலம். சீனச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட மலிவுச் செட்டுகள் சிலவற்றில் நமக்கு வேண்டிய ஓரிரு அலைவரிசைகள் விடுபட்டிருப்பதுண்டு. கூகுள் பிளே ஸ்டோரும் அவற்றில் முன்கூட்டியே இருப்பதில்லை. பெயர் ஒன்றாயிருந்தும் உள்ளிருக்கும் சில்லே மாறுவதுமுண்டு: 2024-இல் வெளிவந்த சாம்சங் எஸ்24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும், இந்தியாவில் எக்சினோஸோடும் அறிமுகமாயிற்று.

ஆகவே பார்க்க வேண்டியது பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட பெயரையன்று, மாதிரி எண்ணையே. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் அது தெரியும்: எச்என்/ஏ என்று முடிந்தால் இந்தியா, எல்எல்/ஏ என்றால் அமெரிக்கா, ஜெ/ஏ என்றால் ஜப்பான். முதல் எழுத்தும் பேசும். எம் என்றால் புதிது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. அதே எண்ணை விரலால் ஒரு முறை தொட்டால் ‘ஏ’ என்று தொடங்கும் இன்னோர் எண் வரும். ஐபோன் 16-க்கு இங்கே ஏ3287, அமெரிக்காவில் ஏ3081. இங்கே விற்கப்படாத வகைக்கு வாரண்டி மறுக்கப்படலாம் என்பதால், பில் கையிலிருந்தும் பயனற்றுப் போகக்கூடும்.

பில்லே இல்லாத செட்டு எனில் இன்னும் ஒரு காரியம் செய்ய வேண்டும். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, ‘கேஒய்எம்’ என்பதற்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு எழுதி, 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்தச் செட்டுக்குரியது என்று பதில் வரும். கடைக்காரர் சொல்லும் பெயரும் அந்தப் பதிலும் ஒத்துப்போகும்வரை பணத்தை மடியிலிருந்து எடுக்க வேண்டாம்.