சிறுநீரகத் தொற்று: சி.டி. ஸ்கேன் எப்போது தேவை?

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை சிறுநீரகத் தொற்றின் அறிகுறிகள். பெரும்பாலோருக்குச் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளே போதும், ஸ்கேன் வேண்டியதில்லை.

எனினும், மருந்து தொடங்கி 72 மணி நேரமாகியும் காய்ச்சல் தணியாவிடில் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். சீழ்க்கட்டியையும் அடைப்பையும் அது காட்டிவிடும். கோவளம் கடற்கரையில் வெயிலில் உழைப்போர் போதிய நீர் அருந்தாவிடில் சிறுநீரகக் கல் உருவாகலாம். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்றும் சேர்ந்தால் அது அவசரநிலை. நீரிழிவு உள்ளோருக்குச் சிறுநீரகத் திசுவில் வாயு சேரும் கொடிய தொற்றும் நேரலாம். அதைத் தெளிவாகக் காட்டுவது சி.டி.யே, தாமதம் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பம், ஒவ்வாமை, மெட்ஃபார்மின் மாத்திரை, முந்தைய கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் கூறுங்கள். நோயாளர் சோர்ந்திருந்தால், உடனிருப்போர் கூறுங்கள்.