ஆபாசத் திரைப்படத் துறையில் முகவர்: விசாரிப்பின் கடமை

ஆபாசத் திரைப்படங்களைக் குறித்து நம் சபைகளில் பேச்சு எழும்போது, அவற்றைப் பார்ப்பவரும் அவற்றில் நடிப்பவருமே நம் நினைவுக்கு வருகின்றனர். இவ்விருவருக்கும் அப்பால், திரையில் ஒருபோதும் தோன்றாத மற்றொருவர் உண்டு. அவரே நடிகர் முகவர். நடிக்க முன்வருவோரைத் தயாரிப்பாளரோடு இணைத்துவைத்து, அதற்குரிய தரகுத் தொகையைப் பெறுவது அவருடைய தொழில். இத்தொழில் எவ்வாறு வளர்ந்தது, சட்டம் அதனிடம் எதை எதிர்பார்க்கிறது, அதில் எழும் அறநெறிக் கேள்வி யாது என்பவற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

1. தொழிலின் தோற்றம்

அமெரிக்காவில் இத்திரைப்படத் துறை பெரிதும் வேரூன்றிய இடம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடபாலுள்ள சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு ஆகும். ஹாலிவுட் அண்மையில் இருந்தமையால் ஒளிப்பதிவாளரும் பிற தொழில்நுட்பப் பணியாளரும் அங்கே எளிதில் கிடைத்தனர். அங்கே 1976ஆம் ஆண்டில் ஜிம் சவுத் என்பவர் 'வேர்ல்ட் மாடலிங்' என்னும் முகவர் நிறுவனத்தைத் தொடங்கினார். டெக்சாஸ் மாநிலத்தவரான அவர் முன்னர் காப்பீடு விற்பனை செய்தவர். மாடல்கள் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்வதும், நாடி வந்தோரின் புகைப்படங்களைத் தயாரிப்பாளரிடம் காட்டுவதும் அந்நிறுவனத்தின் வழக்கமாயிருந்தது. இத்துறையில் பெயர்பெற்ற பலர் அவருடைய அலுவலக வாசலைக் கடந்தே உள்ளே சென்றனர். அவர் 2020இல் காலமானார்.

2. 1988ஆம் ஆண்டின் திருப்பம்

1984இல் இந்நிறுவனத்தின் வழியாகத் துறைக்குள் வந்த ஒரு பெண், அப்போது 18 வயது நிரம்பாதவர் என்பது 1986இல் வெளிப்பட்டது. பொய்யான அடையாளச் சான்றுகளைக் காட்டி அவர் சேர்ந்திருந்தார். 1987இல் சவுத்தும் தயாரிப்பாளர் இருவரும் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவ்வழக்கில் எழுந்த கேள்விக்கு 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடையளித்தது. வயதை அறியேன் என்று சொல்வது மட்டும் போதாது. தக்க முயற்சி செய்தும் உண்மை வயதை அறிந்திருக்க இயலாது என்பதைத் தெளிவான சான்றுகளால் எதிர்வாதி நிறுவவேண்டும் என்பதே அவ்விடையின் சாரம். சவுத் இவ்வழக்கில் தண்டனை பெறவில்லை. எனினும் அறியாமை தானாகவே ஒருவரைக் குற்றமற்றவராக்காது என்னும் நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், நடிப்போரின் வயதைச் சோதித்துப் பதிவேடுகளைப் பேணும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தியது.

அதே 1988இல் மற்றொரு முக்கியமான தீர்ப்பும் வெளிவந்தது. ஹரால்ட் பிரீமேன் என்னும் தயாரிப்பாளர் நடிகரைக் கூலிக்கு அமர்த்தியதை, விபசாரத்திற்கு ஆள் சேர்க்கும் குற்றமாக அரசுத் தரப்பு வாதிட்டது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திரைப்படத்தில் நடிப்பதற்காகக் கொடுக்கும் ஊதியம் விபசாரத்திற்கான கூலி ஆகாது என்று அது தீர்ப்பளித்தது. இதன்பின் அம்மாநிலத்தில் இத்தொழில் மறைவிலிருந்து வெளியே வந்தது. முகவரும் ஏனைய தொழில்முனைவோரைப்போல உரிமம் பெற்றுச் செயற்படலாயினர்.

3. தொழிலாளர் சட்டத்தின் எதிர்பார்ப்பு

கலிபோர்னியாவில் எத்துறை நடிகருக்கும் வேலை தேடித்தரும் முகவர், தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெறவேண்டும். 50,000 டாலர் பிணையம் கட்டவேண்டும். தம் கட்டண விவரத்தை ஆணையரிடம் சமர்ப்பிக்கவேண்டும். வேலை கிடைப்பதற்கு முன்பே பதிவுக் கட்டணம் வாங்குதல் ஆகாது. இவற்றினும் கருத்தூன்றத்தக்க விதி ஒன்று உண்டு. ஒரு கலைஞரின் உடல்நலமோ பாதுகாப்போ நல்வாழ்வோ கெடக்கூடிய இடத்திற்கு, தக்கவாறு விசாரித்திருந்தால் அவ்விடத்தின் தன்மையை அறிந்திருக்கக்கூடிய முகவர், அவரை அனுப்பலாகாது. எனக்குத் தெரியாது என்று முகவர் தப்பித்துக்கொள்ள இயலாதபடி, விசாரிப்பதையே அவருடைய கடமையாக இவ்விதி ஆக்கியுள்ளது.

4. விதிக்கு எட்டாத இடங்கள்

ஆயினும் முகவரின் ஆற்றல் பெரும்பாலும் விதிகளுக்கு எட்டாத இடங்களிலேயே செயற்படுகிறது. 2015இல் வெளிவந்த 'ஹாட் கேர்ள்ஸ் வான்டட்' என்னும் ஆவணப்படம், புளோரிடாவின் மயாமிப் பகுதியில் இத்தகைய முகவர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்த 18, 19 வயதுப் பெண்களைக் காட்டுகிறது. இணைய விளம்பரத்தைக் கண்டு அவர்கள் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். வேலை தேடித்தருபவரே வீட்டுக்காரராகவும் வாடகை வாங்குபவராகவும் இருந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஏட்டில் மட்டுமே நிற்கும். ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிட்டால் தண்டத்தொகை செலுத்தவேண்டும் என்னும் வழக்கமும் இத்துறையில் இருந்துள்ளது. அங்கே சம்மதம் என்பது கடனுக்கு அஞ்சிச் சொல்லும் சொல்லாகிவிடக்கூடும்.

2016இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஒன்லிஃபேன்ஸ்' போன்ற இணையத் தளங்களின் வழியாக நடிப்போர் தாமே நேரடியாக விற்க இயன்றது. இடையாள் மறைந்துவிடுவார் எனப் பலர் கருதினர். ஆனால் அவ்விடத்தில் மேலாளர் என்னும் பெயரோடு புதிய இடையாள் தோன்றியுள்ளார். வேலை தேடித்தருபவருக்கே முகவர் உரிமம் தேவை. கணக்கை நிர்வகிப்பதாக மட்டும் சொல்பவரை அவ்விதிகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

5. ஆயர்ப் பணிக்குரிய சிந்தனை

தமிழில் விசாரித்தல் என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கேட்டறிதல் ஒன்று, நலம் பேணுதல் மற்றொன்று. சட்டம் முகவரிடம் முதலாவதைக் கோருகிறது. வயது என்ன, இடம் எத்தகையது என்று அவர் கேட்டறிய வேண்டும். எனினும் ஒருவருடைய மறுப்பினால் தமக்கு நட்டம் நேரும் நிலையில், அவருடைய நலத்தைப் பேணுவது முகவருக்கு எளிதன்று. தரகுத் தொழிலின் அறநெறிச் சிக்கல் இங்கேயே அமைந்துள்ளது. இது இத்துறைக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய உழைப்பை விலைபேசி அதில் பங்குபெறும் எல்லா இடையாளருக்கும் பொருந்தும்.

ஆகவே இத்தகைய தொழிலிலிருந்து மீண்ட ஒருவர் ஆலோசனை நாடி நம்மிடம் வருவாரானால், அவர் என்ன செய்தார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவரை அங்கே அனுப்பியவர் யார், அவர் இன்னும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எந்த ஒப்பந்தம் இன்னும் அவரைக் கட்டிவைத்திருக்கிறது என்பவற்றையும் பொறுமையோடு கேட்டறிய வேண்டும். தேவைப்படின் நல்ல வழக்கறிஞரிடம் அவரை அழைத்துச் செல்லவும் வேண்டும். கேட்டறிதலும் பேணுதலும் பிரியாதிருப்பதே ஆயரின் விசாரிப்பு ஆகும்.