‘செட்’டுக்கு ஆன செலவு

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் அதில் 430 பொருள். தொடர்களையும் மரபு வழக்குகளையும் சேர்த்தால் சுமார் 580. அத்தனையையும் விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் பிடித்தன. அகராதி முழுவதும் 5.9 கோடி சொற்கள், பதிவுகள் 2,91,500. ஆகவே ஒரு பதிவுக்குச் சராசரி 202 சொல். ‘செட்’டுக்குக் கிடைத்தது அதைப்போல 300 மடங்கு. அந்தப் பதிப்புக்கு ஆன 1.35 கோடி டாலரை இடத்துக்கு ஏற்றபடி பிரித்தால், இந்த ஒரு வினையின் பங்கு 13,700 டாலர். பின்னர் 2011-இல் ‘ரன்’ 645 பொருளோடு முந்திக்கொண்டது. அதை எழுதி முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது.

அதே ‘செட்’ கொல்லிமலைக்கும் ஏறிவிட்டது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ‘நாடு’ எனப்படும் 14 ஊர்க்கூட்டங்கள், அவற்றில் ஒன்று குண்டூர் நாடு. அடிவாரத்தில் புழங்கும் ‘செட்’ எல்லாம் மேலேயும் புழங்கும்: மைக் செட், பம்பு செட், மேளம் செட், நகை செட், செட் தோசை. ‘அவன் எங்க செட்டு’ என்றால் வயதொத்தவன். இருவருக்கு ஒத்துப்போகாவிட்டால் ‘செட் ஆகல’. கான்கிரீட்டும் செட் ஆகும், தாடியும் செட் பண்ணப்படும். ஒன்பது வழக்கு சொல்லிவிட்டேன், இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வினையாகப் பெருத்த சொல்லைத் தமிழ் பெயராக வாங்கி, ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற இரண்டு துணைவினைகளைக் கொண்டே வேலை வாங்குகிறது. இலக்கணம் படித்தவர்கள் இதை உட்கார்ந்து ஆராய வேண்டும்.

தமிழுக்கு ஆன செலவையும் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வேலை 1913-இல் தொடங்கியது. மதிப்பீடு 1 லட்சம் ரூபாய், முடிந்தபோது 4.1 லட்சம். பின்னிணைப்போடு ஏழு தொகுதிகள், 4,351 பக்கம், 1924 முதல் 1939 வரை அச்சு. ஒரு பக்கத்துக்கு 94 ரூபாய். மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு என்று அன்று முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு அது குறைவாகவே தெரிகிறது. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் 1879-இல் பத்தே ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டு, முதல் பதிப்பை 1928-இல்தான் முடித்தார்கள். தமிழின் இன்றைய வழக்கைத் தேடி அகராதியாகத் தொகுத்தது ‘க்ரியா’ என்ற தனியார் பதிப்பகம். 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள்.

எழுத்தில் வராத பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடம் சிறிது. கொல்லிமலையில் சாமை என்பது ஒரே தானியம் அல்ல: வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று இரகத்துக்கு ஒரு பெயர். விதைப்பவர் குறைந்தால் பெயரும் போய்விடும். ‘நாடு’ என்றால் சில ஊர்களின் கூட்டம் என்ற பழைய பொருள் இங்கே இன்னும் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது.

‘ரன்’னுக்குப் போன ஒன்பது மாதத்தை 14 நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் குண்டூர் நாட்டுப் பேச்சைத் தொகுக்க 19 நாள் வரும். ஒரு ஆள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பேச்சை எழுத்தாக்க இன்னொரு ஆள். ஒரு பல்கலைக்கழகத் துறையே தாங்கக்கூடிய செலவு இது.