அறிகுறிக்கு முன்னே தோன்றும் அடையாளங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் குறித்து நம் வீடுகளில் வாய்திறந்து பேசுவோர் வெகு சிலரே. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இவ்வியாதியால் மரித்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்வியாதி ஒரே நாளில் தோன்றுவதன்று. நோய் எதிர்ப்புச் சக்தியுள்ள சரீரத்தில் இது முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்கின்றன. அந்நெடுங்காலம் முழுவதும் அது தன் அடையாளங்களை உயிரணுக்களில் பதித்துக்கொண்டே வருகிறது.

இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அதன் 16, 18-ஆம் வகைகளை 1983, 1984-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்டு சுர் ஹவுசனின் குழுவினர் இப்புற்றுநோயில் கண்டறிந்தனர். அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்விரு வகைகளாலேயே உண்டாகிறது.

நம் உயிரணுவில் பி53 என்றொரு புரதம் உண்டு. உயிரணு பழுதடைந்தால் அது பெருகாதபடி தடுக்கும் காவலாளி அது. ஆர்.பி. என்னும் மற்றொரு புரதம், கட்டுப்பாடற்ற பெருக்கத்தை அடக்கும் கடிவாளம். கிருமியின் இ6 புரதம் காவலாளியை அழிக்கிறது. இ7 புரதம் கடிவாளத்தை அறுக்கிறது. அப்பொழுது பி16 என்னும் புரதம் உயிரணுவில் மிகுதியாய்ச் சேருகிறது. பெருகும் உயிரணுக்களில் காணப்படும் கி-67 என்பதும் அதே உயிரணுவில் சேர்ந்து தென்பட்டால், அது எச்சரிப்பின் அடையாளம். பெண்ணுக்கு வலியோ இரத்தப்போக்கோ தோன்றுமுன்னே ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்டுகொள்ளலாம்.

ஆகையால் அறிகுறிக்காகக் காத்திராதேயுங்கள். 30 வயது முதல், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவ்வசதி இல்லாத இடத்தில் எளிய வழியும் உண்டு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாய் மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தனர். 12 ஆண்டுகளில் இந்நோயால் வரும் மரணம் 31 விழுக்காடு குறைந்தது. 9 முதல் 14 வயதுள்ள நம் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு.

வெட்கம் உங்களைத் தடுக்கிறதோ? இக்கிருமி பாலுறவினால் பரவுவது மெய்யே. ஆனால் தாம்பத்திய வாழ்வுள்ளோரில் பெரும்பான்மையோரை அது ஒருமுறையேனும் தொடுகிறது; பெரும்பாலும் இரண்டே ஆண்டுகளில் சரீரம் தானாகவே அதனை நீக்கிவிடுகிறது. கிருமி உண்டென்ற முடிவு ஒருத்தியின் ஒழுக்கத்திற்குச் சாட்சியன்று. அது புற்றுநோய் என்றும் பொருளல்ல.

கணவன்மாரே, உங்கள் மனைவியைக் கேள்வி கேளாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். சகோதரியே, ஜெபிக்கிற வீட்டிலும் பரிசோதனை வேண்டும். அது விசுவாசக் குறைவன்று. அடையாளங்கள் தோன்றும் காலத்திலேயே கண்டுகொண்டால், வியாதி புற்றாய் மாறுமுன்னே அதனை நீக்கிவிடலாம்.